கறுத்த கால் யாருடையது? ஃப்ரா ஆஞ்செலிகோவின் ஒரு பலகை ஓவியம் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஃபிளாரன்ஸ் நகரின் சான் மார்க்கோ அருங்காட்சியகத்தில் 37 செ.மீ. உயரமும் 45 செ.மீ. அகலமும் கொண்ட ஒரு சிறிய மரப்பலகை ஓவியம் இருக்கிறது. தொமினிக்கன் துறவியான ஃப்ரா ஆஞ்செலிகோ, 1438க்கும் 1443க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், முட்டைக்கருவில் குழைத்த வண்ணங்களால் அதைத் தீட்டினார். ஒரு படுக்கையறை. கட்டிலின் திரை விலக்கப்பட்டிருக்கிறது. ஒரு மனிதர் ஆழ்ந்து உறங்குகிறார். தலையைச் சுற்றிப் பொன்வட்டம் தாங்கிய இருவர், அக்கால மருத்துவர்களின் உடையிலும் தொப்பியிலும், அவருடைய கால்மாட்டில் குனிந்து வேலை செய்கிறார்கள். உறங்குபவரின் ஒரு கால் வெளுத்த நிறம்; மற்றொன்று கறுப்பு.

முன்னறிவு ஏதுமின்றி இப்படத்தைப் பார்ப்பவர், கறுத்த காலே நோயுற்ற கால் என்று எண்ணுவது மிக இயல்பு. அழுகிக் கறுத்த காலுக்கு இரு புனிதர்கள் மருந்திடுகிறார்கள், காலையில் அது வெளுத்துக் குணமாகிவிடும் என்று மனம் தானாகவே ஒரு கதையைக் கட்டிவிடும். உண்மை நேர் எதிரானது. கறுத்த காலே நலமான கால். நோயுற்ற கால் படத்தில் இல்லவே இல்லை. அது வெட்டி அகற்றப்பட்டு வேறோர் இடத்துக்குப் போய்விட்டது. இந்த ஓவியத்தைப் பற்றிய எந்த விளக்கமும் இந்தத் தலைகீழ் மாற்றத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். ஏனென்றால், கறுப்பு நிறத்தை நோயின் நிறமாகக் கொள்ளும் கண்ணும், அந்தக் கால் ஒரு மனிதனுடையது என்பதைக் கேட்க மறந்துவிடும் கண்ணும் ஒன்றுதான்.

கதையின் மூலம் 13ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'லெகெண்டா ஔரேயா' என்னும் புனிதர் வரலாற்றுத் தொகுப்பு. அதைத் தொகுத்த யாக்கோபுஸ் தெ வொராஜினே, ஃப்ரா ஆஞ்செலிகோவைப் போலவே தொமினிக்கன் சபையைச் சேர்ந்தவர். ஆகவே இன்று அருங்காட்சியகமாக இருக்கும் சான் மார்க்கோ துறவு மடத்தில் இக்கதையை அறியாதவர் இருந்திருக்க முடியாது. கொஸ்மாஸ், தமியான் என்ற இரட்டைச் சகோதரர்கள் கட்டணம் வாங்காமல் வைத்தியம் பார்த்தவர்கள். சிலிசியா நாட்டின் (இன்றைய துருக்கியின் தென்பகுதி) எகேயா நகரில், உரோமைப் பேரரசன் தியோக்கிலேசியன் காலத்தில், லிசியாஸ் என்ற ஆளுநரால் கொல்லப்பட்ட மறைசாட்சிகள். அவர்கள் இறந்து நூற்றாண்டுகள் கழிந்த பிறகு நடந்ததாகச் சொல்லப்படுவது இந்த அற்புதம். உரோமையில் திருத்தந்தை (போப்பாண்டவர்) ஃபெலிக்ஸ் இந்த இரு புனிதர்களின் பெயரால் ஒரு கோயில் கட்டினார். அந்தக் கோயிலில் தொண்டு செய்த ஒருவரின் காலை ஆறாத அரிபுண் தின்றுவிட்டது. அவர் உறங்கும்போது இரு புனிதர்களும் தைலத்தோடும் கருவிகளோடும் வந்தார்கள். அழுகிய சதையை வெட்டிய பிறகு அந்த இடத்தை எதனால் நிரப்புவது என்று ஒருவர் கேட்க, சங்கிலியால் கட்டுண்ட புனித பேதுரு கோயிலின் கல்லறையில் இன்றுதான் ஓர் எத்தியோப்பியனைப் புதைத்திருக்கிறார்கள், அவனிடமிருந்து எடுத்துவருவோம் என்றார் மற்றவர். அப்படியே செய்தார்கள். எத்தியோப்பியனின் காலை நோயாளிக்குப் பொருத்தி, நோயாளியின் காலை இறந்தவனின் உடலோடு வைத்தார்கள்.

அதன் பிறகு வரும் பகுதிதான் கதையில் எனக்கு மிக முக்கியமானது. விழித்த மனிதர் வலியில்லாததைக் கண்டு காலைத் தடவிப் பார்க்கிறார். மெழுகுதிரியை அருகில் கொண்டுவந்து பார்த்தபோது காலில் எந்தக் குறையும் தெரியவில்லை. உடனே, தான் தானில்லையோ, வேறொருவனாக மாறிவிட்டோமோ என்று ஐயுறுகிறார். பிறகு மகிழ்ச்சியில் துள்ளி எழுந்து எல்லோரிடமும் சொல்கிறார். ஆளனுப்பிக் கல்லறையைத் திறந்து பார்க்கிறார்கள். எத்தியோப்பியனின் கால் வெட்டப்பட்டிருக்கிறது, அந்த இடத்தில் மற்றவரின் கால் கிடக்கிறது. நோயாளியின் பெயரைத் தொகுப்பு சொல்லவில்லை. இன்று வழங்கும் 'திருத்தொண்டர் யுஸ்தீனியான் குணம் பெறுதல்' என்ற தலைப்பில் நோயாளிக்காவது ஒரு பெயர் கிடைத்திருக்கிறது. இறந்தவனுக்கு அதுவும் இல்லை.

ஆக, கதையில் ஓவியன் தேர்ந்தெடுக்கத் தக்க தருணங்கள் குறைந்தது நான்கு: வெட்டும் நேரம், பொருத்தும் நேரம், விழித்துப் பார்க்கும் நேரம், கல்லறையைத் திறக்கும் நேரம். ஃப்ரா ஆஞ்செலிகோ இரண்டாவதைத் தேர்ந்தார்; அதிலும் வெட்டு முடிந்து, கால் ஏறத்தாழப் பொருந்திவிட்ட நிலையை. இரத்தம் இல்லை. அறுக்கும் கருவி கண்ணில் படுவதில்லை. புனிதர்களின் அங்கிகளின் அடிப்பகுதி மேகத் துணுக்குகளில் கரைகிறது. அவர்கள் கதவைத் திறந்து நடந்துவந்தவர்கள் அல்லர், கனவின் வழியே வந்தவர்கள் என்பதற்கு அந்த மேகமே சான்று. ஆனால் அறையில் கனவின் சாயல் எதுவும் கிடையாது. சுவர்கள் நேராக நிற்கின்றன, ஒளி ஓர் இடத்திலிருந்து வந்து முறையாக விழுகிறது, தொலைவு அளந்து வரையப்பட்டிருக்கிறது, திரைச்சீலையின் மடிப்புகளில் துணியின் கனம் தெரிகிறது. சான் மார்க்கோ மடத்தின் வெறுமையான சிற்றறைகளில் வாழ்ந்த துறவிகளுக்கு இந்த அறை அயலாகத் தோன்றியிருக்காது. அற்புதத்தை வானத்தில் நிறுத்தாமல், நாளும் பழகும் ஒரு படுக்கையறைக்குள், சத்தமில்லாமல் நடக்கவிட்டது இந்த ஓவியரின் பெரும் திறமை.

இந்த உறக்கத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட வழிபாட்டு மரபும் உண்டு. கிழக்கத்திய கிறித்தவத்தில் கொஸ்மாஸ், தமியான் கோயில்களில் நோயாளிகள் இரவு தங்கி உறங்குவார்கள். புனிதர்கள் கனவில் தோன்றி மருந்து சொல்வார்கள் அல்லது தாங்களே குணமாக்குவார்கள் என்பது நம்பிக்கை. கான்ஸ்டான்டினோபிளில் இவர்களுக்கிருந்த கோயில் இதற்கே புகழ்பெற்றது. உரோமைக் கதை அந்த மரபின் மேற்கத்திய வடிவம். ஆகவே படத்தில் உறங்குபவர் மயக்க மருந்து கொடுக்கப்பட்ட அறுவை நோயாளி அல்லர். நம்பிக்கையோடு தன்னை ஒப்படைத்துவிட்ட பக்தர். இதை மறந்துவிட்டு, உலகின் முதல் உறுப்பு மாற்றுச் சிகிச்சை என்ற ஒற்றை வரியோடு இப்படத்தை மருத்துவ வரலாற்று நூல்களின் முதல் பக்கத்தில் அச்சிடுவது பெருவழக்காகிவிட்டது.

அந்த வாசிப்பில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 1954இல் பாஸ்டனில் ஜோசப் முர்ரே குழுவினர் செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றில் கொடுத்தவரும் பெற்றவரும் ஒருகருச் சகோதரர்கள் என்பதும், இங்கே மருத்துவர்களே இரட்டையர் என்பதும் மனத்தைத் தொடும் தற்செயல் ஒற்றுமை. 2011இல் ஸ்பெயினின் வலென்சியாவில் பேத்ரோ கவாதாஸ் தலைமையில் ஒருவருக்கு இரண்டு கால்களும் மாற்றிப் பொருத்தப்பட்டன. வேறொரு நோயின் காரணமாக அயல் உறுப்பை உடல் எதிர்ப்பதைத் தடுக்கும் மருந்துகளை நிறுத்த நேர்ந்ததால், இரண்டு ஆண்டுகளில் அவற்றை அகற்ற வேண்டியதாயிற்று. ஒருவரின் உடல் மற்றவரின் சதையை எளிதில் ஏற்காது என்ற அந்தக் கடுமையான உண்மைக்கு ஓவியத்தில் இடமே இல்லை. 15ஆம் நூற்றாண்டின் பார்வையாளர் கேட்ட கேள்வியும் அதுவன்று. உலக முடிவில் இறந்தோர் தத்தம் உடலோடு உயிர்த்தெழுவார்கள் என்று நம்பிய அவர், அப்போது இந்தக் கால் யாரோடு எழும் என்றுதான் கேட்டிருப்பார். நோயுற்ற காலைப் புனிதர்கள் வீசி எறியாமல் கல்லறையில் வைத்ததற்கு அதுவே காரணம் என்று நான் கொள்கிறேன்: இரண்டு உடல்களும் எண்ணிக்கையில் முழுமையாக இருக்கின்றன. கணக்கு நேராகிவிட்டது. ஆனால் ஒருவருக்கு நலமான காலும், மற்றவனுக்கு அழுகிய காலும் என்ற வகையில் நேரான கணக்கு அது.

கணக்கு என்ற பேச்சு இந்த ஓவியத்துக்கு வெளியிலிருந்து வந்ததன்று. இப்பலகை தனித்து நிற்கும் படமே இல்லை. சான் மார்க்கோ கோயிலின் பெரிய பலிபீட ஓவியத்துக்கு அடியில், பீடமேசையை ஒட்டிய கிடைவரிசையில் இருந்த ஒன்பது சிறு பலகைகளுள் இது கடைசி. அந்தப் பீட ஓவியத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் ஃபிளாரன்சின் பெரும் வங்கியாளரான கோசிமோ தெ மெதிச்சியும் அவர் தம்பி லொரென்சோவும். மெதிச்சி என்ற குடும்பப் பெயரே மருத்துவர்கள் எனப் பொருள்படுவதால் மருத்துவப் புனிதர்கள் அக்குடும்பத்தின் காவலர்களானார்கள்; கோசிமோ பிறந்ததாகச் சொல்லப்படுவதும் அக்காலத்தில் அவர்களுடைய திருநாளாக இருந்த செப்டம்பர் 27 அன்று, 1389இல். 1433இல் எதிரிகளால் நாடு கடத்தப்பட்டு அடுத்த ஆண்டே வெற்றியோடு திரும்பிய கோசிமோ, திருத்தந்தை நான்காம் யூஜின் 1436இல் சான் மார்க்கோவைத் தொமினிக்கன் துறவிகளுக்கு வழங்கியபோது, அதைப் புதுப்பிக்கும் செலவை ஏற்றார். மிக்கெலொட்சோ கட்டட வேலையை நடத்தினார். 1443 சனவரி 6 அன்று, திருக்காட்சிப் பெருவிழாவில், திருத்தந்தை முன்னிலையில் கோயில் அர்ச்சிக்கப்பட்டது, அதாவது வழிபாட்டுக்கென அர்ப்பணிக்கப்பட்டது.

ஏன் இந்தச் செலவு? கோசிமோவை நேரில் அறிந்த புத்தக வணிகர் வெஸ்பாசியானோ தா பிஸ்தீச்சி எழுதிவைத்த காரணம் இது: தன் செல்வத்தில் ஒரு பகுதி நேர்வழியில் வந்ததன்று என்ற உறுத்தல் கோசிமோவுக்கு இருந்தது, அதைத் தீர்க்க வழி கேட்டபோது, சான் மார்க்கோவில் 10,000 ஃபுளோரின் பொற்காசுகள் செலவிடும்படி திருத்தந்தை சொன்னார். வட்டி வாங்குவதைத் திருச்சபை பாவமென்று விலக்கியிருந்த காலத்தில், 1397இல் தந்தை தொடங்கிய வங்கியை நடத்தி ஐரோப்பாவின் பெரும் பணக்காரர்களில் ஒருவரானவர், காசே வாங்காத இரண்டு வைத்தியர்களைத் தன் பீடத்தில் மண்டியிட வைத்தார். அந்தப் பெரிய பலகையில் அன்னை மரியாவின் முன் மண்டியிட்டிருக்கும் இருவரில் ஒருவர் நம் பக்கம் முகத்தைத் திருப்பிப் பார்க்கிறார். கோசிமோவின் பெயருக்குரிய புனிதரான கொஸ்மாஸ் அவர் என்றே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டில் காரம் மிகுந்த கலவையால் கழுவப்பட்டதில் அந்தப் பலகை மிகவும் தேய்ந்துபோயிருந்தும், அந்தப் பார்வை இன்றும் பார்ப்பவரை நிறுத்திவிடுகிறது.

அடிவரிசையின் முதல் பலகை இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. பலாதியா என்ற பெண் குணம் பெறுவதும், அவள் நன்றியோடு நீட்டும் சிறு பரிசைத் தமியான் வாங்குவதும் ஒரே படத்துக்குள் அடுத்தடுத்து நடக்கின்றன. ஆண்டவர் பெயரால் அவள் வற்புறுத்தியதால்தான், அவளைப் புண்படுத்த மனமின்றி, தமியான் வாங்கினார். இதை அறிந்த கொஸ்மாஸ் கடுஞ்சினம் கொண்டு, இறந்த பின் தன்னைத் தம்பியோடு புதைக்கக் கூடாது என்று ஆணையிட்டார். ஒரு சிறு பரிசுக்கு இவ்வளவு பெரிய பிளவு! அதன் பின் ஆளுநர் விசாரணை, கடலில் எறிதல், தீ, சிலுவை, வாள் என்று துன்பங்கள் தொடர்கின்றன. நடுவில், திருப்பலி நிறைவேற்றும் குருவின் கண்ணெதிரே, கிறித்துவின் உடல் கல்லறைக்குச் செல்லும் காட்சி. இந்தப் பலகைகள் இன்று மியூனிக், டப்ளின், பாரிஸ் நகரங்களில் சிதறிக் கிடக்கின்றன. கடைசிப் பலகையைப் போலவே எட்டாவது பலகையும் சான் மார்க்கோவிலேயே இருக்கிறது: புனிதர்களின் அடக்கம். இருவரையும் சேர்த்துப் புதைப்பதா, கொஸ்மாஸின் ஆணைப்படி பிரிப்பதா என்று மக்கள் தயங்கி நிற்க, ஓர் ஒட்டகம் மனிதக் குரலில் பேசி அவர்களை ஒன்றாகவே புதைக்கச் சொன்னது. ஓவியத்தில் அந்த ஒட்டகம் நிற்கிறது. அதன் வாயிலிருந்து இலத்தீன் எழுத்துகள் புறப்படுகின்றன: புண்ணியத்தில் பிரியாதவர்களை அடக்கத்தில் பிரிக்காதீர்கள்.

ஒன்பது பலகைகளையும் மனத்தில் ஒரே வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் கடைசிப் படம் பேசத் தொடங்குகிறது. முதல் பலகையில் குணமளிப்பும் உண்டு, அதற்கொரு விலையும் உண்டு; அந்த விலையால் சகோதரர் பிரிந்தனர். எட்டாவது பலகையில் அந்தப் பிளவு ஆறுகிறது. ஒன்பதாவதில் இருவரும் மீண்டும் சேர்ந்து, ஒரே உடல்மீது ஒரே வேலையைச் செய்கிறார்கள். நோயாளி உறங்குகிறார்; பரிசு நீட்ட அவரால் முடியாது, மறுக்க வேண்டிய தேவை இவர்களுக்கும் இல்லை. கட்டணமே எழ முடியாத ஒரு வைத்தியம். மெதிச்சி குடும்பத்தின் உறுத்தலுக்கு இதைவிட நயமான மறுமொழியை ஓர் ஓவியர் தந்திருக்க முடியுமா என்று வியக்கிறேன். இரவில், யாரும் காணாமல், பெறுபவரே அறியாமல் செய்யப்படும் கொடை அது.

ஆனால் இந்தக் கொடைக்கும் விலை கொடுத்தவன் ஒருவன் இருக்கிறான். பலாதியாவின் சிறு பரிசைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்ட கதை, எத்தியோப்பியனின் காலைப் பற்றி ஒரு சொல்லும் கவலைப்படவில்லை. அவனிடமோ அவன் உறவினரிடமோ எவரும் கேட்கவில்லை. அவன் பொருளாகவே பேசப்படுகிறான். ஃப்ரா ஆஞ்செலிகோ அவனைப் படத்துக்கு வெளியே நிறுத்திவிட்டார்: கல்லறை இல்லை, உடல் இல்லை, முகம் இல்லை. கால் மட்டும் வந்திருக்கிறது.

இதை இன்றைய மனச்சாட்சியைப் பழங்காலத்தின்மீது ஏற்றும் வேலை என்று சிலர் மறுக்கக்கூடும். அந்த மறுப்பை நான் மதிக்கிறேன். ஆனால் ஓவியம் பிறந்த ஆண்டுகளின் வரலாறே அதற்கு இடம் தரவில்லை. 1439இல் திருச்சபையின் பொதுச் சங்கம் ஃபிளாரன்சுக்கு மாறியது. அங்கே 1441இல், எருசலேமிலிருந்து எத்தியோப்பியத் துறவியரின் தூதுக்குழு ஒன்று திருத்தந்தை யூஜினைக் காண வந்தது. பீட ஓவியம் உருவாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள். அந்தக் கோயிலை அர்ச்சிக்க வந்த அதே திருத்தந்தை. அந்நகர மக்களுக்கு எத்தியோப்பியர் என்றால் தொன்மக் கதையில் வரும் பெயரற்ற பிணம் மட்டுமல்லர். தெருவில் நடந்து சென்ற, செபம் சொன்ன, தமக்கென ஒரு பழம்பெரும் திருச்சபை உடைய கிறித்தவர்கள். இன்னொரு பக்கம், கிறித்தவரல்லாத அடிமைகளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர 1363 முதலே நகரச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. கோசிமோவின் மகன்களில் ஒருவரான கார்லோ, அவருடைய வீட்டிலிருந்த, காக்கேசஸ் பகுதியின் சர்க்கேசிய இனத்து அடிமைப் பெண்ணுக்குப் பிறந்தவர். ஆக, ஓர் அயலாரின் உடல் யாருக்கு உரியது என்ற கேள்வி அந்த நகரத்திலேயே உயிரோடு இருந்தது.

பிற ஓவியர்கள் இக்கதையைச் சொன்ன விதத்தோடு ஒப்பிட்டால் ஃப்ரா ஆஞ்செலிகோவின் தேர்வு இன்னும் தெளிவாகும். மெதிச்சி குடும்பத்தின் செலவிலேயே, சாந்தா குரோச்சே கோயிலுக்காக ஃபிலிப்போ லிப்பி வரைந்த பீட ஓவியத்தின் அடிவரிசையில் பெசெல்லினோ இதே காட்சியைத் தீட்டினார்; அப்பலகை இன்று பாரிஸ் நகர லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ளது. அது ஆஞ்செலிகோவின் பாதையிலேயே செல்வது, அதில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. ஒரு நூற்றாண்டு கழித்து ஸ்பெயினில் இசித்ரோ தெ வில்லொல்தோ செதுக்கிய மரச்சிற்பம்தான் அதிர வைக்கிறது. வயாதோலித் நகரச் சிற்ப அருங்காட்சியகத்தில் உள்ள அதில் கறுப்பு மனிதன் பிணமல்லன். உயிரோடு தரையில் கிடந்து, கால் வெட்டப்பட்ட இடத்தைப் பற்றிக்கொண்டு, வாய் திறந்து அலறுகிறான். மேலே கட்டிலில் வெள்ளை நோயாளிக்கு அவனுடைய கால் பொருத்தப்படுகிறது. அமெரிக்கக் கண்டங்களிலும் ஆப்பிரிக்கக் கரைகளிலும் அடிமை வணிகம் பெருகிவிட்ட 1540களில், கதையில் இறந்தவனாக இருந்தவனை உயிரோடு வதைபடுபவனாக மாற்றிச் செதுக்க அந்தப் பட்டறையில் எவருக்கும் தடை தோன்றவில்லை. அதைச் செதுக்கியவர் கொடுமையைக் கண்டிக்க எண்ணினாரா, ஏற்றுக்கொண்டாரா என்பதை மரம் சொல்லாது. ஆனால் கதைக்குள் அடங்கிக் கிடந்த வன்முறையை அது வெளியே இழுத்துப் போட்டுவிட்டது.

அந்தச் சிற்பத்தைப் பார்த்த கண்ணோடு சான் மார்க்கோ பலகைக்குத் திரும்பும்போது, ஆஞ்செலிகோவின் அமைதி வேறு பொருள் கொள்கிறது. அவர் கொடுமையைக் காட்டவில்லை என்பதால் அதை மறைத்தார் என்று குற்றம் சாட்ட நான் தயாரில்லை. கதையை மென்மையாக்க விரும்பிய ஓவியர் காலின் நிறத்தைக் குறைத்திருக்கலாம், போர்வையை முழங்கால் வரை இழுத்துவிட்டிருக்கலாம், நிழலில் ஆழ்த்தியிருக்கலாம். இவர் அப்படி எதையும் செய்யவில்லை. வெளிறிய சுவர்களும் மெல்லிய வண்ணங்களும் நிறைந்த அந்தச் சிறிய பரப்பில், கண் முதலில் போய் நிற்கும் இடமாக அந்தக் காலை வைத்தார். புனிதர்களின் கைகள் அதை ஏந்தியிருக்கும் விதத்தில் அவசரம் இல்லை. நோயாளிக்குக் காட்டும் அதே கவனம் அந்தக் காலுக்கும் கிடைக்கிறது. கதை விட்ட குறையை இது நிரப்பிவிடாது. ஆனாலும், படத்தில் இல்லாத ஒருவன் இருந்தான் என்பதை மறக்க முடியாதபடி எழுதிவைத்த குறிப்பு அது.

நடைமுறையில் இந்த வாசிப்பிலிருந்து ஒரு கோரிக்கை எழுகிறது. இப்படத்தை மருத்துவ மாணவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் காட்டும்போது, இதை மட்டும் தனியே வெட்டி எடுத்துக் காட்டக் கூடாது. பலாதியாவின் பலகையையும் ஒட்டகம் பேசும் பலகையையும் இதன் அருகே வைத்து, கொஸ்மாஸ் எதற்காகச் சினந்தார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். உறுப்புக் கொடையில் கொடுப்பவரின் ஒப்புதலே முதல் நிபந்தனை என்று இன்று சட்டங்கள் வகுத்திருக்கும் நிலையில், ஒப்புதலே கேட்கப்படாத ஒரு கதையை அத்துறையின் தொடக்கப் படமாக விளக்கமின்றி முன்வைப்பது தவறு. படவிளக்கத்தில் நோயாளியின் பெயரோடும் புனிதர்களின் பெயரோடும் மூன்றாவதாக ஒரு வரி சேர வேண்டும்: கறுத்த கால், அன்றுதான் சங்கிலியால் கட்டுண்ட புனித பேதுரு கோயிலில் அடக்கம் செய்யப்பட்ட எத்தியோப்பியருடையது.